இடது புருவத்துக் காயம்

சிட்னிக்குப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, "அங்கிள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று யாராவது கேட்பார்கள். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். "துப்பாக்கி விற்றேன்." பாதிப்பேர் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஒருமுறை ஓர் அன்ரி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்கே போய்விட்டார். செக்யூரிட்டி வேலையைத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. நான் திருத்துவேன். பாரமட்டா ரோட்டில் ஒரு கடை. எண்பத்தைந்திலிருந்து இரண்டாயிரத்து ஒன்பது வரை அங்கே இருந்தேன். வேட்டைக்காரர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் ரைபிள் தேர்ந்து கொடுப்பது என் வேலை. அதிலும் பிற்காலத்தில் முதல் ரைபிள் வாங்க வருகிறவர்களை முதலாளி என்னிடம்தான் அனுப்புவார். அது சின்ன விஷயம் இல்லை. முதல் ரைபிள் பிழையாக அமைந்தால் அந்த ஆள் காலம் முழுக்கப் பிழையாகவே சுடுவான்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மெத்தை விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்களாம். எந்தத் தோட்டா எத்தனை மீட்டரில் எவ்வளவு தாழும், காற்று எவ்வளவு தள்ளும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நானும் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவனின் கழுத்து எவ்வளவு நீளம் என்பது மட்டும் அதில் இல்லை.

நான் பிறந்தது மலேசியாவில், கெடா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஓரிடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. பினாங்கில் கப்பலில் ஏறினேன், மெல்போர்னில் இறங்கினேன், கப்பல் கிளம்பியபோது திரும்பி ஏறவில்லை. திராட்சை பறித்தேன், கம்பளி மூட்டை தூக்கினேன், ஒரு குளிர்காலம் முழுக்க ரயில் பெட்டி கழுவினேன். கடைசியில் குடியிருக்கும் காகிதமும் கிடைத்தது. எண்பத்து மூன்றில் மேற்கே வறண்ட நாட்டில் கங்காரு சுடுகிறவர்களின் முகாமில் தோலுரிக்கச் சேர்ந்தேன்.

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் பாடம் அங்கே கிடைத்தது. இறைச்சி வாங்கும் குளிர்லாரிக்காரன் தலையில் குண்டு பட்டதை மட்டும்தான் எடுப்பான். உடம்பில் பட்டதை எறிய வேண்டியதுதான். அதனால் அந்த ஆட்கள் யாரும் பெரிய ரைபிள் வைத்திருக்கவில்லை. மெல்லிய குழல், சின்னத் தோட்டா, தோளில் ஊன்றுகிற தேய்ந்துபோன மரக்கட்டை. ஆனால் அந்தக் கட்டையில் அவர்கள் கன்னம் வைக்கிற இடம், நம் வீட்டு அம்மிக்கல் மாதிரி பளபளவென்று இருக்கும். எப்போது எடுத்தாலும் கன்னம் அதே இடத்தில்தான் போய் உட்காரும். அதுதான் அவர்களுடைய முழு வித்தை.

ஒருநாள் முகாம் லாரி கவிழ்ந்து தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது என் இடத்தில் வேறொருவன் தோலுரித்துக்கொண்டிருந்தான். சிட்னிக்கு வந்து, லிட்கமில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி, இந்தக் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன்.

முதலாளி பெயர் கெவின். உயரமான ஆள், எப்போதும் தோல் மேலங்கி, பேச்சு மிகக் குறைவு. ஒரு ரைபிளை என் கையில் தருவதற்கு முன்னால் போல்டை, தோட்டா இருக்கும் அறையை மூடுகிற கம்பியை, இழுத்துத் திறப்பார், அறைக்குள் தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்ப்பார். நான் அதை வாங்கியதும் அதே மூன்றையும் செய்ய வேண்டும். "இப்போதுதானே நீங்கள் பார்த்தீர்கள்?" என்று முதல் நாள் கேட்டேன். "நான் பார்த்தது எனக்கு," என்றார். இருபத்து நாலு வருடத்தில் அந்தக் கடைக்குள் ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை.

ரைபிள் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் எண்களோடு வருவார்கள். "முந்நூறு மக்னம் வேண்டும். அறுநூறு மீட்டரில் மான் விழ வேண்டும்." கெவின் அதற்குப் பதிலே சொல்லமாட்டார். எந்த மிருகம், எந்த நிலம் என்று கேட்பார். நீ கடைசியாக எந்தத் தூரத்தில் எதை அடித்தாய் என்று கேட்பார். பிறகு வலக்கையா இடக்கையா என்ற ஒரே கேள்வி. அதற்குப் பிறகு ஸ்கோப் என்கிற தொலைநோக்கி பூட்டிய ரைபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "கண்ணை மூடு" என்பார். மூடிய கண்ணோடு ரைபிளைத் தோளுக்கு ஏற்ற வேண்டும், கன்னத்தை வசதியாக வைக்க வேண்டும், அப்புறம்தான் கண்ணைத் திறக்க வேண்டும். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் அளவு சரி. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் கட்டை நீளம் அல்லது குட்டை. கடைக்குப் பின்னாலேயே மரம் அறுக்கும் வாளும் அரமும் இருந்தன, அறுத்துச் சரிசெய்து கொடுப்போம். கடைசியாக, மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு, குழலின் மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுக்கச் சொல்வார். நாணயம் விழாமல் இருக்க வேண்டும். பெரிய மக்னம் தோட்டா கேட்டு வந்தவர்களில் பலர் அந்த நாணயத்தை விழுத்திவிட்டு, சின்ன ரைபிளோடு வீட்டுக்குப் போனார்கள்.

எனக்குக் கவுண்டர் கிடைத்தது இரண்டு வருடம் கழித்து. அதுவரை பின்னால் எண்ணெய் போடுவதுதான். கெவினுக்கு முதுகு பிடித்துக்கொண்ட ஒரு வாரம் நான் முன்னால் நின்றேன். வந்த ஆட்கள் என் தலைக்கு மேலால் பார்த்து, "கடைக்காரர் இல்லையா?" என்றார்கள். "நான்தான்" என்று சொல்லி ரைபிளை எடுத்துக் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னேன். கண்ணை மூடிய பிறகு ஆள் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? அந்த வாரம் நான் விற்ற ஒன்றும் திரும்பி வரவில்லை. கெவின் முதுகு நிமிர்ந்து வந்தும் என்னைப் பின்னால் அனுப்பவில்லை.

திரும்பி வருவதுதான் அவருக்குப் பெரிய கணக்கு. ஒரு ரைபிள் திரும்பி வந்தால் பிழை எங்களுடையது, சரிசெய்து கொடுப்போம். இரண்டாம் முறையும் வந்தால் பணத்தைக் கொடுத்துவிடுவார், அந்த ஆளுக்கு வேறு விற்கமாட்டார். "எல்லாருக்கும் ரைபிள் இல்லை" என்பார்.

குகதாசன் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். வவுனியாப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். லிட்கமில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அதை விட்டுவிட்டுக் கோல்பர்னுக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்த்தார். சிட்னித் தமிழர்களுக்கு ஆட்டிறைச்சி. நல்ல யோசனைதான். ஆனால் எதிர்ச் சரிவிலிருந்து இரண்டு காட்டு நாய்கள் வந்து குட்டிகளைக் கொன்றுகொண்டிருந்தன. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் சுட வேண்டும், இருநூற்றைம்பது மீட்டர். கிட்டப் போனால் நாய்கள் மோப்பம் பிடித்து ஓடிவிடும்.

கெவின்தான் அவருக்கு முதல் ரைபிள் தேர்ந்து கொடுத்தார். வலக்கையா என்று கேட்டார், ஓம் என்றார் குகதாசன். கண்ணை மூடச் சொன்னார், வட்டம் தெரிந்ததா என்றார், ஓம் என்றார். மரியாதைக்காரர், எதைக் கேட்டாலும் ஓம்தான். நடுத்தரமான ஒரு ரைபிள் கொண்டுபோனார். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். ஒன்றும் படவில்லை. கெவின் அதைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கொண்டுபோய்த் தானே சுட்டார், மூன்று குண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. ஸ்கோப்பை இறுக்கிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாம் முறை அவர் மனைவி மலரும் வந்தார். கைக்குழந்தையோடு கடை வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. குகதாசன் ரைபிளைக் கவுண்டரில் வைத்தார். இடது புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டர்.

கெவின் பிளாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். புதிதாகச் சுடுகிறவர்கள் முகத்தை முன்னால் கொண்டுபோனால், ரைபிள் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். வழக்கமான காயம். அவர் கல்லாவைத் திறந்து, "உன் மொழியில் நீயே சொல்லிவிடு," என்று என்னிடம் சொன்னார். "ஒரு நல்ல நாய் வாங்கிக் கட்டச் சொல்."

நான் குகதாசனை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். மலர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"தரமாட்டினமாமோ?" என்றார். "நல்லது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இவர் இஞ்ச வந்து தானாப் போய் ஒண்டை வாங்குறார்."

"அப்ப குட்டியளை ஆர் பாக்கிறது? நீரோ?" என்றார் குகதாசன்.

"வித்துப்போட்டுத் திரும்ப லிட்கமுக்குப் போவம். பெட்டி அடிக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நான் கோவத்தில கதைக்கேல்லை. ஒரு வெடியெண்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பன். இவர் போன கிழமை விடிய ஒன்பது வெடி வைச்சவர். ஒன்பது! ஒண்டும் படேல்லை. நான் பிள்ளையோட கட்டிலுக்குக் கீழ. இனி ஒருக்கா அப்பிடிக் கேட்டால் நான் அந்த வீட்டில இருக்கமாட்டன்."

குகதாசன் வெயிலுக்கு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தப் பிளாஸ்டர் எனக்கு உறைத்தது. வலத்தோளில் வைத்துச் சுடுகிறவன் வலக் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்கோப் கிழித்தால் வலப் புருவத்தைத்தான் கிழிக்க வேண்டும். இவருக்கு ஏன் இடது?

"தம்பி, இடது கண்ணை மட்டும் மூடுங்க பார்ப்போம்," என்றேன்.

இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மறுபடி முயன்றார். முகம் முழுக்கச் சுருங்கியது, இரண்டும் மூடின.

"சரி, வலது கண்ணை மூடுங்க."

அது உடனே மூடியது.

கெவினிடம் ஒரு பழைய சோதனை இருந்தது, ஆள் மீது சந்தேகம் வந்தால் மட்டும் செய்வார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, இரு கண்ணையும் திறந்தபடி அதன் வழியாக எதிரிலிருப்பவரின் மூக்கைப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணுக்கு நேராக ஓட்டை வருகிறதோ அதுதான் ஆளும் கண். குகதாசனைச் செய்யச் சொன்னேன். ஓட்டைக்குள் அவருடைய இடது கண் என்னைப் பார்த்தது. ஆள் ரைபிளை வலத்தோளில் வைத்துவிட்டு, கழுத்தை வளைத்து, கட்டைக்கு மேலால் எட்டி, இடது கண்ணால் பார்த்துச் சுட்டிருக்கிறார். கன்னம் கட்டையில் இல்லை. அப்படிச் சுட்டால் மலையே தப்பிவிடும்.

"நீங்க இடக்கைக்காரரா?" என்று கேட்டேன்.

"இல்லை இல்லை, சோத்துக்கைதான்," என்றார் அவசரமாக.

மலர் வாயைப் பொத்திச் சிரித்தார். "சோத்துக்கையோ? கேளுங்கோ அண்ணை, ஆக்கள் நிண்டால்தான் சோத்துக்கை. தனிய நிக்கேக்க கோடாலி, சுத்தியல், ஆட்டுக்குக் கத்தி, எல்லாம் பீச்சாங்கை. சின்னனில இவரின்ர அம்மா அகப்பைக் காம்பைச் சுட்டு வைச்சு மாத்தினவ."

"ஏனப்பா ரோட்டில நிண்டு இதெல்லாம் கதைக்கிறீர்?" என்றார் குகதாசன்.

"கதைக்காமல்? கையைக் காட்டுங்கோ அண்ணைக்கு."

அவர் காட்டவில்லை. எனக்குப் பார்க்கத் தேவையும் இல்லை. எங்கள் தோட்டத்திலும் இதே வைத்தியம்தான். இடக்கையால் கொடுத்தால் அடி, இடக்கையால் எழுதினால் பிரம்பு. கெவின் முப்பது வருடமாக வலக்கையா இடக்கையா என்று கேட்டு வந்தவர். வெள்ளைக்காரன் எவனும் அதற்குப் பிழையான பதில் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையிலேயே கையை மாற்றிப் போட்ட ஒரு சனம் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கையை மாற்றலாம். கண்ணை யாரும் மாற்றியதில்லை.

உள்ளே போய்க் கெவினிடம் இதைச் சொன்னேன். அவர் கல்லாவை மூடவில்லை. "ரைபிள் இரண்டு முறை வந்துவிட்டது," என்றார்.

"மூன்றாம் முறை வந்தால் என்னைப் பின்னால் அனுப்புங்கள்," என்றேன். "எண்ணெய் போடுகிறேன்."

அவர் கல்லாவை மூடினார். பிறகு அலமாரியின் கடைசி மூலையைக் காட்டினார். இடக்கைக்காரருக்கென்று போல்டை இடப்பக்கம் வைத்துச் செய்த ஒரு ரைபிள் அங்கே பல வருடமாக வாங்குவாரில்லாமல் நின்றது. அளவான தோட்டா, உதைப்பும் குறைவு. அதை எடுத்தேன், அறையைப் பார்த்தேன், விரலை விட்டேன். குகதாசனுக்குக் கட்டை நீளமாக இருந்தது. அவருடைய முழங்கை மடிப்பிலிருந்து விரல் நுனிவரை அளந்து, பின்னால் வைத்து அறுத்து, அரம் போட்டு, கட்டையின் பின்முனையில் ரப்பர் மெத்தையை மாட்டினேன். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். இடத்தோளுக்கு ஏற்றச் சொன்னபோது கூச்சப்பட்டார், வாசலைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதை நெருங்கிய எனக்கே, சபையில் இடக்கையை நீட்டுவதைப் போலத்தான் அது தெரிந்தது.

"கண்ணை மூடுங்க. ஏத்துங்க. கன்னத்தை வைங்க. இப்ப திறங்க. என்ன தெரியுது?"

இம்முறை உடனே ஓம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முழு வட்டம், அண்ணை," என்றார். "போன முறை பிறையாத்தான் தெரிஞ்சது. அவர் கேட்க ஓம் எண்டிட்டன்."

குழலின் மேல் நாணயத்தை வைத்தேன். அது அசையவே இல்லை.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போனோம், கெவினும் வந்தார். அழைக்காமல் அவர் வந்ததே பெரிது. மலர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தையோடு இருந்தார். இருநூற்றைம்பது மீட்டரில் அட்டையை மாட்டினோம். குகதாசன் மணல்மூட்டையின் பின்னால் குப்புறப் படுத்தார். முன்பு கடையில் அவர் ரைபிளைத் தோளில் ஏற்றியதைக் கெவின் எனக்குச் சொல்லியிருந்தார், கழுத்து முறிந்த கோழி மாதிரி என்று. இப்போது கன்னம் கட்டையில் இறங்கி அப்படியே தங்கியது. மூச்சை விட்டார், பாதியில் நிறுத்தினார், சுட்டார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதுக்கு நான் விடவில்லை.

நடந்துபோய்ப் பார்த்தோம். மூன்று ஓட்டையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. வித்தைக்காரன் சூடு இல்லைதான். நாய்க்குப் போதும். கெவின் அட்டையைக் கழற்றி, மூன்று ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்து, அதைக் குகதாசனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.  மறுநாள் காலை கடைக்குப் போனபோது கவுண்டருக்கு மேலே நடுவில் ஓட்டை போட்ட வெள்ளை அட்டை ஒன்று கயிற்றில் தொங்கியது. அன்றிலிருந்து எங்கள் கடைக்கு வந்த எவரும், நீதிபதியானாலும் லாரிக்காரனானாலும், முதலில் அந்த ஓட்டை வழியாகக் கெவினின் மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் ரைபிளைத் தொட்டார்கள். வலக்கையா இடக்கையா என்று அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

ஆனால் அட்டை வேறு, நாய் வேறு. குகதாசனிடமிருந்து இரண்டு வாரம் ஒரு செய்தியும் இல்லை. வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் ரைபிள் பெட்டியோடு நிற்கிறாரோ என்று பார்த்தேன். கெவினும் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் எண்ணெய்ப் போத்தல்களையெல்லாம் துடைத்துப் பின்னறை மேசையில் வரிசையாக வைத்திருந்தார். எனக்கு இடம் தயார் செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கடை திறப்பதற்கு முன்னாலேயே தொலைபேசி அடித்தது. மலர். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது.

"அண்ணை, விடிய வந்ததுகள்," என்றார். "ரெண்டும்."

"தம்பி சுட்டாரா?"

"ஓம். ஒரு வெடிதான். பெரிசு விழுந்திட்டுது. மற்றது மலையால ஏறி ஓடினதுதான், இவர் அதுக்குச் சுடேல்லை. தூரம், காயப்படுத்தி விடக்கூடாது எண்டு நிப்பாட்டிப்போட்டார்."

எனக்கு அந்த ஒரு வெடியைவிட அந்தச் சுடாத வெடிதான் பெருமையாக இருந்தது. துப்பாக்கியைக் கொடுக்கலாம், அந்த நிதானத்தைக் கடையில் வைத்து விற்க முடியாது. அவரிடம் அது ஏற்கெனவே இருந்திருக்கிறது.

"நீங்க பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

மலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் உடன கட்டிலுக்குக் கீழ போயிட்டன் அண்ணை. பழக்கதோசம். கீழ கிடந்து அடுத்த வெடிக்குக் காத்துக்கொண்டிருந்தன், அது வரேல்லை. எழும்பிப் பாத்தன், பிள்ளை நல்ல நித்திரை. அசையக்கூட இல்லை. அவளுக்கு அது என்ன சத்தம் எண்டே தெரியாது."

"அப்ப லிட்கமுக்கு?"

"ஏன்? இஞ்ச எல்லாம் இருக்கு. இவர் வேலி போடுறார். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பங்கு இறைச்சி வருது, அந்த நெட்டை மனுசனுக்கும் சேர்த்துத்தான். வைக்கிறன், பிள்ளை எழும்பப்போகுது."

தொலைபேசியை வைத்தேன். கெவின் கவுண்டரின் மறுகோடியில் நின்று ஒரு குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"யார், ஆட்டுக்காரரா?"

"ஆமாம்."

"திரும்பி வருகிறதா?"

"வராது," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குழலை மறுபக்கம் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். நான் போய்க் கடையின் முன்கதவைத் திறந்து வைத்தேன்.